ஆசிரியருக்குக் கடிதம்: இருக்கையை நிரப்பிவிட்டு விமானம் வாங்கியவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன விமானத்துறையின் வளர்ச்சி குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஏர் சைனா, சைனா ஈஸ்டர்ன், சைனா சதர்ன் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களைப் பற்றி அதில் கூறப்பட்டுள்ளவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அரசு கஜானா திறந்திருப்பதால்தான் அங்கே விமானங்கள் பறக்கின்றன என்ற முடிவை அப்படியே ஏற்க இயலவில்லை. கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன ஸ்பிரிங் ஏர்லைன்ஸ் அந்த முடிவுக்குள் அடங்காதது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தத் தனியார் நிறுவனத்தின் சீனப் பெயர் ‘சுன்சியூ’. வசந்தமும் இலையுதிர்காலமும் என்று பொருள் (ஆங்கிலப் பெயரில் இலையுதிர்காலம் உதிர்ந்துவிட்டது). நகர நிர்வாகத்தில் கீழ்நிலை அதிகாரியாக இருந்த வாங் ஜெங்ஹுவா 1981-இல் தொடங்கிய சுற்றுலா முகமைதான் இதன் வேர். 1997 முதல் அந்த முகமை விமானங்களை மொத்தமாக வாடகைக்கு அமர்த்தித் தன் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டே அவற்றை நிரப்பியது. ஆக, 2004-இல் விமான நிறுவனம் தொடங்க அனுமதி கிடைத்தபோது, இருக்கைகளை விற்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்திருந்தது; விமானம் மட்டுந்தான் இல்லை. குத்தகைக்கு எடுத்த ஏர்பஸ் ஏ320 விமானத்தில், 2005 ஜூலை 18 அன்று, ஷாங்காய் ஹொங்ச்சியாவ் நிலையத்திலிருந்து யான்தாய் நகருக்கு முதல் பயணம் தொடங்கியது; தொடக்கக் கட்டணம் 199 யுவான்.

இந்த நிறுவனத்தின் தொழில்முறையைச் சீனாவில் ‘இரண்டு ஒற்றை, இரண்டு உயர்வு, இரண்டு தாழ்வு’ என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒரே வகை விமானம், ஒரே வகுப்பு. நிரம்பிய இருக்கைகளும் ஒரு நாளில் விமானம் பறக்கும் நேரமும் உயர்வு. விற்பனைச் செலவும் நிர்வாகச் செலவும் தாழ்வு. ஏ320 குடும்பத்தைத் தவிர வேறெதையும் வாங்காததால், விமானிகளின் பயிற்சியிலிருந்து உதிரிபாகக் கிடங்கு வரை எல்லாம் ஒன்றே. இருவகுப்பு நிறுவனங்கள் நூற்றைம்பது, நூற்றறுபது பேரை ஏற்றும் அதே விமானத்தில் இவர்கள் 180 இருக்கைகளை அமைத்தனர்; நெடிய கால் உடையவர்கள் அதற்கான விலையை முழங்காலில் செலுத்தினர். என் பார்வையில் இவற்றைவிட முக்கியமானது பயணச்சீட்டு விற்பனை. சீன நிறுவனங்கள் ஏறத்தாழ அனைத்தும் அரசின் டிராவல்ஸ்கை முன்பதிவு அமைப்பைச் சார்ந்து அதற்குக் கட்டணம் செலுத்திவந்தபோது, ஸ்பிரிங் தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கி, தன் இணையதளம் வழியாகவே பெரும்பகுதிச் சீட்டுகளை விற்றது.

இதற்கெல்லாம் அரசு கைதட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். உள்நாட்டுக் கட்டணத்தை ஒரு வரம்புக்குக் கீழே குறைக்கக் கூடாது என்ற விதி இருந்த 2006-இல், ஷாங்காய்–ஜினான் தடத்தில் ஒரு யுவானுக்குச் சீட்டு விற்றதற்காக, ஜினான் நகர விலைக் கட்டுப்பாட்டு அலுவலகம் 1,50,000 யுவான் அபராதம் என்று கடிதம் அனுப்பியது. நம் நாட்டில் ஏர் டெக்கான் ஒரு ரூபாய்ச் சீட்டு விற்றபோது வந்தது விளம்பரம். அங்கே வந்தது நோட்டீஸ். வருமானம் கொழிக்கும் ஷாங்காய்–பெய்ஜிங் தடத்தில் நுழையவும் இந்நிறுவனம் 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முன்வாசல் அடைபட்டதால் அது பக்கவாசல்களைத் தேடியது. பெய்ஜிங்குக்குப் பதிலாக ஹெபெய் மாகாணத் தலைநகர் ஷிஜியாசுவாங்கைத் தளமாக்கி, அங்கிருந்து பயணிகளை ரயிலில் தலைநகருக்கு அனுப்பியது. 2010 ஜூலையில் தொடங்கிய முதல் பன்னாட்டுச் சேவையும், நெரிசல் மிகுந்த டோக்கியோ நிலையங்களைத் தவிர்த்து, அவ்வாண்டு மார்ச்சில்தான் திறக்கப்பட்டிருந்த, டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள இபராக்கி விமான நிலையத்துக்குச் சென்றது.

கட்டுரையாளர் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிறு நகர விமான நிலையங்களுக்குச் சேவை தொடங்கும் நிறுவனங்களுக்கு உள்ளூர் அரசுகள் தரும் மானியத்தை ஸ்பிரிங்கும் பெற்றது. 2015 ஜனவரியில் ஷாங்காய் பங்குச்சந்தைக்கு வந்தபோது, அதன் லாபத்தில் மானியத்துக்குக் கணிசமான பங்கு இருந்தது பேசப்பட்டது. பயணிகளை நடத்திய விதத்திலும் குறை உண்டு. தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு விமானத்தைவிட்டு இறங்க மறுத்தவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, பின்னர் அவர்களுக்குச் சீட்டு மறுத்ததைச் சிக்கனம் என்று எவராலும் நியாயப்படுத்த முடியாது.

ஆயினும் மானியம் மட்டுமே காரணமென்றால், அதைவிடப் பெரிய அரசு ஆதரவு பெற்ற மூன்று நிறுவனங்களும் 2023-இல் நட்டம் கண்டபோது, 120-க்கும் மேற்பட்ட விமானங்களை இயக்கிய ஸ்பிரிங் எவ்வாறு 220 கோடி யுவானுக்கு மேல் நிகர லாபம் ஈட்டியது? நீண்ட தூரப் பன்னாட்டுத் தடங்கள் பெருந்தொற்றுக்குப்பின் மெதுவாகவே மீண்டன. அத்தடங்களுக்கான பெரிய, அகன்ற உடல் கொண்ட விமானங்களை வைத்திருந்த அரசு நிறுவனங்களுக்கு அது சுமையாயிற்று. அத்தகைய விமானம் ஒன்றுகூட வாங்காத ஸ்பிரிங்குக்கு அந்தச் சுமை இல்லை. கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்த வேறுபாட்டையும், உள்ளூர் அரசுகளின் தட மானியம் எவருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் தனித்தனியே பிரித்துக் காட்டுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி