காந்தத் தூள் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்பதை நீ எழுதுவதற்கு முன்பே உன் கையெழுத்து சொல்லிவிட்டது. போன கடிதத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, இதில் ஒழுங்காக நிற்கின்றன. சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஓய்வு பெற்ற பிறகும் நான் ஆய்வகத்துக்குப் போய் வருகிறேன். சம்பளம் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. யாராவது ஒரு பையன் வந்து "மேடம், இது ஏன் கறுப்பாக வரவில்லை?" என்று கேட்டால் அன்றைய பொழுது போய்விடும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் முதுகலை மாணவிகள் இருவர் காந்த இரும்பு ஆக்சைடு நானோ கூட்டுப்பொருள் (காந்தத்துக்கு இழுபடும் மிக நுண்ணிய தூளோடு வேறொரு பொருளைச் சேர்த்தது) செய்து சாயக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தப் போவதாக எழுதியிருந்தாய். எப்படிச் செய்வது, எதற்கெல்லாம் உதவும் என்று கேட்டிருந்தாய். செய்வது சுலபம். எதற்கு உதவும் என்பதில்தான் உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

முதலில் செய்முறை. நாம் படித்த காலத்தில் உப்புப் பகுப்பாய்வில் இரும்பை அம்மோனியா விட்டு வீழ்படிவாக்குவோமே, அதன் நெருங்கிய சொந்தம்தான் இது. ஃபெரிக் உப்பு இரண்டு பங்கு, ஃபெரஸ் உப்பு ஒரு பங்கு, இரண்டையும் ஒன்றாகக் கரைத்து அம்மோனியாவோ சோடியம் ஹைட்ராக்சைடோ விட்டால் உடனே கறுப்பாக இறங்கும். அதுதான் மேக்னடைட், காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு. 1981-இல் பிரான்சின் ரெனே மசார் வெளியிட்ட முறை இது, இன்றைக்கும் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு கிராம் மேக்னடைட் வேண்டுமென்றால் ஆறு நீர் மூலக்கூறு கொண்ட ஃபெரிக் குளோரைடு 2.34 கிராம், ஏழு நீர் மூலக்கூறு கொண்ட ஃபெரஸ் சல்ஃபேட் 1.20 கிராம் எடுக்கச் சொல். ஃபெரஸ் உப்பு வெளிர்பச்சையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே ஃபெரிக்காகிவிட்டது, நீங்கள் போட்ட கணக்கு போட்ட இடத்திலேயே தப்பிவிடும். தண்ணீரில் நைட்ரஜனைக் குமிழிகளாகச் செலுத்தி ஆக்சிஜனை விரட்டிவிட்டு உப்புகளைக் கரைத்து, 70 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வேகமாகக் கலக்கிக்கொண்டே காரத்தை விட வேண்டும். முடிவில் பி.எச். 10-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். காந்தக் கலக்கியை மட்டும் வைக்காதீர்கள். விளைந்த தூள் முழுவதும் அந்தக் காந்தக் குச்சியிலேயே போய் அப்பிக்கொள்ளும். மேலிருந்து மோட்டாரில் சுழலும் கலக்கிதான் சரி. பிறகு பாத்திரத்துக்கு அடியில் நல்ல காந்தத்தை வைத்துத் தூளைப் பிடித்து, மேல்நீரை ஊற்றிவிட்டு, பி.எச். நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும்.

கிடைப்பது பெரும்பாலும் 8 முதல் 15 நானோமீட்டர் அளவுத் துகள்கள் (நானோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). எல்லாம் ஒரே அளவாக இருக்காது. ஒரே அளவு வேண்டுமென்றால் இரும்பு ஓலியேட் போன்ற சேர்மங்களைக் கொதிநிலை அதிகமான கரைப்பானில் 300 டிகிரிப் பக்கம் சூடாக்கிச் சிதைக்கும் முறை இருக்கிறது. அழகான துகள்கள் வரும். ஆனால் அவை எண்ணெயில் ஒட்டும், தண்ணீரில் ஒட்டாது. உன் மாணவிகளுக்கு அது வேண்டாம்.

தூளை அப்படியே காற்றில் உலர்த்தினால் ஓரங்களில் பழுப்பு ஏறும். மேக்னடைட் ஆக்சிஜன் ஏற்று மேக்ஹெமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. இரண்டுமே காந்தத்துக்கு இழுபடும் என்பதால் வேலைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சிதறல் படத்தைக் காட்டி "இது சுத்தமான மேக்னடைட்" என்று அடித்து எழுதவிடாதே. இரண்டின் கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். துகள் சிறியதாக இருந்தால் கோடுகள் அகன்றுபோய் வித்தியாசமே தெரியாது. இரும்பு அணுக்களின் நிலையைக் காமாக் கதிரால் அறியும் மாஸ்பவர் நிறமாலை எடுத்தால்தான் தைரியமாகச் சொல்லலாம். இது தெரியாமல் எழுதப்பட்ட ஆய்வேடுகளைத் திருத்தித் திருத்தி எனக்குச் சலித்துவிட்டது.

இந்தச் சின்ன அளவில் ஒரு நல்ல குணம் வருகிறது. ஒவ்வொரு துகளும் தனித்தனிக் காந்தம்தான். ஆனால் அதன் திசையை அறை வெப்பமே ஓயாமல் புரட்டிக்கொண்டிருப்பதால், வெளியே காந்தம் இல்லாதபோது மொத்தத்தில் காந்தத் தன்மையே தெரியாது. காந்தத்தைக் காட்டினால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், எடுத்துவிட்டால் மறந்துவிடும். சூப்பர் பாராமேக்னடிசம் என்கிற இதை 1949-இல் கணக்கிட்டுக் காட்டியவர் லூயி நீல், பிறகு 1970-இல் நோபல் பரிசு பெற்றவர். நமக்கு இதில் என்ன லாபம்? காந்தத்தை எடுத்ததும் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்காது, குலுக்கினால் மறுபடி பரவும். பெரிய துகளாக இருந்தால் ஒருமுறை காந்தம் பட்டதுமே கட்டிதட்டிப் போகும்.

ஆனால் வெறும் மேக்னடைட் எதையும் பொறுக்கிப் பிடிக்காது, அமிலத்திலும் கரைந்துவிடும். கூட்டுப்பொருள் என்ற பேச்சே அங்கேதான் வருகிறது. இரும்பு ஆக்சைடு கிணற்றுக் கயிறு மாதிரி, தண்ணீர் மொள்ளுவது வாளி. அந்த வாளி சிலிகாவாக இருக்கலாம், இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானாக இருக்கலாம், கரியாக இருக்கலாம், பாலிமர் மணியாக இருக்கலாம். ஆய்வேடுகளில் பாதிப்பேர் கயிற்றை மட்டுமே அளந்து காட்டுகிறார்கள்.

ஒவ்வொரு வாளிக்கும் ஒரு குறை உண்டு. கைட்டோசான் நீர்த்த அமிலத்தில் கரையும், அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புப் போட்டால்தான் நிற்கும். கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டில் தூளைக் கலந்து கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டினால் அழகான கறுப்பு உருண்டைகள் வரும், கல்லூரிக் கண்காட்சிக்கு அருமை. ஆனால் தண்ணீரில் ஃபாஸ்பேட் அதிகம் இருந்தால் அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், உருண்டை நெகிழ்ந்துபோகும். சிலிகா அமிலத்தைத் தாங்கும், கடுமையான காரத்தில் கரையும். இவற்றில் எனக்குப் பிடித்தது சிலிகாதான். 1968-இல் ஸ்டோபர் குழு சொன்ன முறைப்படி ஆல்கஹால், கொஞ்சம் தண்ணீர், அம்மோனியா மூன்றும் சேர்ந்த கலவையில் துகளைப் பரப்பி, டெட்ரா எத்தில் ஆர்த்தோசிலிகேட்டை மெதுவாகச் சேர்த்தால் துகளைச் சுற்றிக் கண்ணாடி உறை வளரும். முன்கூட்டியே சிட்ரேட்டில் ஊறவைத்தால் துகள்கள் எதிர்மின்னேற்றம் பெற்று விலகி நிற்கும், உறையும் சீராகப் படியும்.

உறை தடிக்கத் தடிக்கக் காந்த இழுவை குறையும். மொத்தையான மேக்னடைட்டுக்குக் கிராமுக்கு 92 ஈ.எம்.யூ. (காந்த வலுவை அளக்கும் அலகு) அளவுக்கு வரும். நம் நானோ தூளுக்கு 60 வந்தாலே நல்லது. கூட்டுப்பொருளில் அது ஐந்தில் ஒரு பங்கு என்றால் 12-தான் மிஞ்சும். அதைப் பார்த்து மாணவிகள் பதற வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு எழுதினால் போதும், கையிலிருக்கும் நியோடிமியம் காந்தத்துக்கு 12 தாராளம்.

இப்போது சண்டை. சாயத் தண்ணீர் வேண்டாம் மாலதி. காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கரைத்து, தூளைப் போட்டு, நிறம் போனதைப் படம் எடுத்து, மேற்பரப்பில் எவ்வளவு ஒட்டுகிறது என்று கணக்கிடும் லாங்மியர் சமன்பாட்டில் கோடு போட்டு முடிக்கிற வேலை இது. உண்மையான கழிவுநீரில் உப்பும் சோப்பும் வேறு நூறு சமாச்சாரமும் இடத்துக்குப் போட்டி போடும். அதைவிடப் பெரிய கேள்வி, சாயத்தைப் பிடித்த தூளை அப்புறம் என்ன செய்வது? அதிலிருந்து சாயத்தைக் கழற்ற ஆல்கஹாலும் அமிலமும் செலவழித்தால் ஒரு கழிவு இன்னொரு கழிவாகிறது, அவ்வளவுதான். பெரிய அளவில் தண்ணீரோடு மேக்னடைட்டைப் புழங்குகிற தொழிற்சாலைகள் இருக்கின்றன. நிலக்கரியைக் கழுவுமிடத்தில் கனமான கலங்கல் செய்யவும், கழிவுநீரில் கசடு வேகமாக அடியில் இறங்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே போவது மைக்ரான் அளவுத் தூள், சுழலும் காந்த உருளையில் திரும்பப் பிடித்துவிடலாம். 10 நானோமீட்டர் துகள் தனியாக இருந்தால் சாதாரணக் காந்தம் இழுப்பதற்குள் தண்ணீரின் அலைச்சல் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். 2006-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 12 நானோமீட்டர் துகள்களையே பலம் குறைந்த காந்தப்புலத்தில் பிரித்து, தண்ணீரிலிருந்து ஆர்சனிக்கையும் எடுத்துக் காட்டியது. துகள்கள் அந்தப் புலத்தில் தற்காலிகமாகக் கூட்டம் சேர்ந்து நகர்ந்ததால்தான் அது நடந்தது.

இந்தப் பொருள் ஜெயித்த இடங்களைப் பார், எல்லாம் சின்னக் குப்பிகள். கொரோனாக் காலத்தில் ஆர்.என்.ஏ. பிரித்தார்களே, அதில் பெரும்பகுதி காந்த மணிகளால் நடந்தது. குவானிடின் உப்புச் செறிவில் ஆர்.என்.ஏ. சிலிகா மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தால் மணிகளை ஓரம் கட்டி, ஆல்கஹாலில் கழுவி, கடைசியில் உப்பில்லாத நீரை விட்டால் கழன்று வந்துவிடும். மையவிலக்குக் கருவி தேவையில்லை, ஒரு தட்டிலுள்ள 96 குழிகளை ஒரே நேரத்தில் இயந்திரமே முடித்துவிடும். நார்வேயின் யூகல்ஸ்டாட் ஒரே அளவான பாலிமர் மணிகளைச் செய்து அவற்றின் துளைகளுக்குள் இரும்பு ஆக்சைடைப் படியவைத்தது இந்த வழிக்குப் பெரிய தொடக்கம். அதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனி. உள்ளே இருக்கும் பொடி நானோ என்பதால் காந்தத்தை எடுத்ததும் மறந்துவிடும். மணி மைக்ரான் அளவு என்பதால் சட்டென்று இழுபடும். மேலே சொன்ன இழுவைத் தகராறு இங்கே இல்லை.

உடம்புக்குள்ளும் செலுத்துகிறார்களாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். எம்.ஆர்.ஐ. படத்தில் கல்லீரலைத் தெளிவாகக் காட்ட ஒரு காலத்தில் இதைக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற அந்த மருந்து பிறகு விற்பனையிலிருந்து போய்விட்டது. 2009-இல் அனுமதி பெற்ற ஃபெருமாக்சிட்டால் இரத்தசோகைக்கான இரும்பு ஊசி. அதுவும் சர்க்கரை உறை போட்ட இரும்பு ஆக்சைடு நானோ துகள்தான். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததால் 2015-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். மூளைக் கட்டிக்குள் துகளைச் செலுத்தி, நொடிக்கு ஒரு லட்சம் முறை முன்னும் பின்னும் அலையும் காந்தப்புலத்தில் சூடாக்கும் சிகிச்சைக்கு 2010-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. அதைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகிற வேகத்தில் நான் நம்பிக்கை வைப்பதில்லை.

உன் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீரைச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டு, தண்ணீரை அளக்கச் சொல். அரை லிட்டர் தண்ணீரில் மிகச் சொற்பமாக இருக்கும் செம்பை, உலோகங்களை அளக்கும் நம் அணு உறிஞ்சல் கருவி காணாது. சிலிகா உறையின்மேல் அமின் தொகுதி கொண்ட அமினோ புரொப்பில் சிலேனைப் பிணைத்த காந்தத் தூளைக் கொஞ்சம் போட்டுக் குலுக்கினால் அமின் தொகுதி செம்பைப் பிடிக்கும். காந்தத்தால் தூளை ஒதுக்கி, 5 மில்லி நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கழற்றினால், முழுவதும் பிடிபட்டு முழுவதும் கழன்றால், செறிவு நூறு மடங்கு. இந்த மாதிரிப் பிரித்தெடுப்பை 1999-இல் செக் நாட்டு ஆய்வாளர் இருவர் தொடங்கிவைத்தார்கள். இதில் சில மில்லிகிராம் தூளே போதும், கழிவும் சிறு குப்பியில் அடங்கிவிடும். உறை சரியாக மூடவில்லை என்றால் அதே நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கரைந்து வந்து காட்டிக்கொடுக்கும். எனவே கழற்றிய கரைசலில் செம்போடு இரும்பையும் அளக்கட்டும். தூள் போடாத தண்ணீரையும், செம்பு சேர்க்காத தூளையும் ஒப்பிடுவதற்காக இதே சோதனையில் தனித்தனியாக ஓட்டட்டும். குழாய்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும்போதும் அதே அளவு செம்பு பிடிபடுகிறதா என்று பார்க்கட்டும். ஒரே தூளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு கழன்றது என்று அட்டவணை போட்டால், அந்த ஓர் அட்டவணைக்காகவே நான் வாய்மொழித் தேர்வுக்கு வருவேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. தூளை உலர்ந்த பொடியாக வைக்க வேண்டாம், ஒருமுறை உலர்ந்து ஒட்டியதைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஆல்கஹாலில் ஊறியபடியே மூடி வைத்து, எடையை மட்டும் ஒரு சிறு பங்கை உலர்த்திக் கணக்கிடச் சொல். உங்கள் துறையில் மேலிருந்து கலக்கும் மோட்டார் இருக்கிறதா? இல்லையென்றால் எழுது, இங்கே சும்மா கிடக்கும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கிறேன். செம்புக்குப் பதில் காட்மியம்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அந்தக் கரைசல்களை எங்கே சேர்த்துவைத்து யாரிடம் ஒப்படைப்பது என்பதை எழுத்தில் முடிவு செய்த பிறகே குப்பியைத் திறக்கவிடு.

அன்புடன்,
வாசுகி