அண்ணன் தம்பி கடைன்னா சண்டைலதான் முடியணுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல குடும்ப பிசினஸ் பத்தி எழுதுனவரு, அண்ணன் தம்பி சேர்ந்து ஆரம்பிக்கிற ஹோட்டல் எல்லாம் பாகப்பிரிவினையோட காலின்னு ஒரே போடா போட்டிருந்தாரு. நான் இங்கிலாந்துல ஸ்லவ்ல இருக்கேன், இங்கருந்து எலிசபெத் லைன் ரயில்ல மூணாவது ஸ்டாப் மெய்டன்ஹெட், அங்க இறங்கி அரைமணி நேரத்துக்கு மேல நடந்தா பிரேன்னு சின்ன கிராமம், தேம்ஸ் கரைல 'வாட்டர்சைடு இன்'னு ஒரு இடம். சாப்பாடுதான் பிரதானம், தங்க கொஞ்சம் ரூமும் உண்டு.

இத ஆரம்பிச்சது ஆல்பர்ட் ரூ, மிஷல் ரூன்னு ரெண்டு பிரெஞ்சுக்கார அண்ணன் தம்பி. ரெண்டு பேருமே சின்ன வயசுலயே பேஸ்ட்ரி கடைல எடுபிடியா சேர்ந்தவங்க. 1967ல லண்டன்ல லு கவ்ரோஷ்னு ரெஸ்டாரன்ட் திறந்தாங்க, அது ஓடவும் 1972ல பிரேல ஒரு பழைய பப்ப எடுத்து மாத்துனாங்க. அப்போ இங்கிலாந்துல நல்ல சாமான் கிடைக்கிறதே கஷ்டம், பிரான்ஸ்ல இருந்து கார்ல ஏத்திட்டு வந்து சமைச்சிருக்காங்க! 1985ல மிஷெலின் கைடு ரெஸ்டாரன்ட்டுக்கு கொடுக்கற உச்ச மதிப்பான மூணு ஸ்டார் கிடைச்சுது, 2010ல தொடர்ந்து 25 வருஷம் ஆச்சு, பிரான்ஸுக்கு வெளியே அதுவரைக்கும் யாரும் அப்படி வச்சிருந்ததில்ல.

இப்போ விஷயத்துக்கு வரேன். 1986ல ரெண்டு பேரும் பிரிச்சுக்கிட்டாங்க சார். லண்டன் கடை அண்ணனுக்கு, ஆத்தங்கரை தம்பிக்கு. ஆனா 1984ல சின்ன வயசு சமையல்காரங்களுக்காக ஆரம்பிச்ச ஸ்காலர்ஷிப்ப மட்டும் பிரிக்கல, அப்பாக்களுக்கு அப்புறம் ரெண்டு வீட்டு பசங்களும் சேர்ந்தே நடத்துறாங்க. (அண்ணன் பையன் பேரும் மிஷல்தான், படிக்கிறப்போ குழம்பிடாதீங்க.) 2002ல தம்பி மிஷல், தான் தெம்பா இருக்கும்போதே மகன் அலன் கைல கிச்சன கொடுத்துட்டாரு. தம்பி மிஷல் 2020ல இறந்துட்டாரு, அண்ணன் ஆல்பர்ட் 2021 ஜனவரில. நம்ம ஊர்ல எத்தன பெரியவங்க கல்லாப்பெட்டி சாவிய உயிரோட இருக்கும்போது கொடுத்திருக்காங்க சொல்லுங்க?

லு கவ்ரோஷ் 2024 ஜனவரில மூடியாச்சு, ஒத்துக்கறேன், அதுக்கும் சண்டை காரணம் இல்ல, நடத்துன அண்ணன் பையன் மிஷல் வீட்டோட கொஞ்சம் இருக்கணும்னு அவராவே மூடுனது.

போன கோடைல நான் நேர்லயே போய் பாத்தேன். ஃபெர்ரி ரோடுன்னு ஒரு சந்து, பேருக்கேத்த மாதிரி நேரா தண்ணில போய் முட்டுது, அந்த முனைலதான் இவங்க இடம். வில்லோ மரம் கிளைய தொங்கப்போட்டு ஆத்த தடவிட்டு நிக்குது, உள்ள கிளாஸ் சத்தம், வெளிய நான் டப்பால கொண்டுபோன புளிசாதத்தோட. மெனு கார்டுல விலைய பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன். பேர்ல 'இன்'னு இருக்கேன்னு சத்திரம் மாதிரி நினைச்சு டூர் வர்ற நம்ம ஆளுங்க யாரும் சும்மா ரூம் கேட்டு போயிடாதீங்க, அத மட்டும் பெரிய எழுத்துல போடுங்க சார்.

ஸ்லவ்ல இருந்து ஒரு வாசகர்