அடைப்பு எங்கே, காரணம் எங்கே: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "அவர்களுக்குக் கருவியை ஓட்டி கிராஃப் எடுக்கத்தான் தெரியும், எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாது" என்று மென்பொருள்களின் வேகத்தைச் சோதிக்கும் எங்களைப் பற்றி ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் சிலர் அதைக் கேட்டுவிட்டு எங்களிடமே நேரில் விசாரித்தீர்கள். அதற்கு நன்றி. கேட்காதவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

நடந்தது இதுதான். ஒரு வாடிக்கையாளரின் மென்பொருளுக்கு லோட் டெஸ்டிங் செய்தோம், அதாவது பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்று சோதித்தோம். (பெயர் வேண்டாம், அவர்கள்மீது எங்களுக்குக் கோபமில்லை.) நொடிக்கு 200 கோரிக்கைகளைத் தாங்க வேண்டும் என்பது இலக்கு. 40-ஐத் தாண்டவே இல்லை. ஆனால் அப்ளிகேஷன் சர்வரின் சிபியுவோ பாதிகூட வேலை செய்யவில்லை. ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் போன்றது த்ரெட்; காத்து நிற்கும் த்ரெட் சிபியுவைத் தொடாது. அதனால் சும்மா இருக்கும் சர்வரைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். எல்லா த்ரெட்டும் அந்த நொடியில் என்ன செய்கின்றன என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுத்தோம். ஏறக்குறைய எல்லாமே டேட்டாபேஸ் கனெக்ஷனுக்காக வரிசையில் நின்றன. திறந்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்ஷன்களின் தொகுப்புதான் பூல்; அதில் இருந்தவை 10. "கனெக்ஷன் பூல் நிரம்பிவிடுகிறது" என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினோம். அவர்கள் 10-ஐ 100 ஆக்கினார்கள். மென்பொருள் முன்பைவிட மோசமானது.

நாங்கள் எழுதியது பொய்யில்லை. ஆனால் வரிசை நிற்கும் இடம் வேறு, வரிசை உண்டான காரணம் வேறு. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் சராசரியாக உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது கிடைத்துவிடும். அங்கே ஒரு கோரிக்கை கனெக்ஷனை 250 மில்லிசெகண்ட் பிடித்து வைத்திருந்தது. 10 கனெக்ஷனைக் கொண்டு நொடிக்கு 40-தான் முடியும். 200 வேண்டுமென்றால் 50 கனெக்ஷன். அந்தக் கணக்கைப் பார்த்தால் 100 தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த 250 நிலையாக நிற்கவில்லை. இண்டெக்ஸ் (தேடுவதை உடனே காட்டும் அடைவு) இல்லாத ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருந்தது. பத்துப் பத்தாக நடந்த அந்தத் தேடல் நூறு நூறாக நடக்கத் தொடங்கியதும் டேட்டாபேஸின் டிஸ்க்கும் சிபியுவும் திணறின. சிறிய பூல் அதுவரை டேட்டாபேஸுக்குக் காவலாக இருந்திருக்கிறது. இண்டெக்ஸ் போட்டதும் நேரம் 20 மில்லிசெகண்டுக்கு இறங்கியது. 200 கோரிக்கைக்கு 4 கனெக்ஷன் போதும்; பழைய 10-க்கே திரும்பினோம்.

அந்தக் குவெரியை நாங்கள் கண்டுபிடிக்காமல் இல்லை. அறிக்கையின் 14-ஆம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அது எங்கள் பிழை. மன்னியுங்கள்.

சோதனை இயந்திரமே மெதுவானது என்றும் சொல்கிறார்கள். அது இல்லை. லினக்ஸில் வெளிச்செல்லும் போர்ட்டுகள் இயல்பாக 32768 முதல் 60999 வரைதான் என்பதும், மூடிய கனெக்ஷன் ஒரு நிமிடம் போர்ட்டைப் பிடித்து வைக்கும் என்பதும், கனெக்ஷனுக்கு வேண்டிய அந்த எண்கள் தீர்ந்தால் சோதனை இயந்திரமே தடைப்படும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எங்கள் பக்கத்தைத்தான் முதலில் சோதிக்கிறோம்.

இனி அறிக்கையின் முதல் பக்கத்தில் காரணமும் அதற்கான ஆதாரமும் மட்டுமே இருக்கும். சராசரி நேரத்தையும் அங்கிருந்து எடுத்துவிடுகிறோம். நூறில் 95 கோரிக்கை 0.2 நொடியிலும் 5 கோரிக்கை 8 நொடியிலும் முடிந்தால் சராசரி 0.59 நொடி என்று வரும். அப்படி ஒரு நேரத்தை எந்தப் பயனரும் அனுபவித்திருக்க மாட்டார்.

குவெரி பிளான்களை, அதாவது டேட்டாபேஸ் ஒரு குவெரிக்கு எந்த வழியில் விடை தேடுகிறது என்பதை, பார்த்துவந்த எங்கள் மூத்த தோழர் விலகியிருப்பதால், சில மாதங்களுக்கு அறிக்கை இரண்டு மூன்று நாள் தாமதமாகலாம். கட்டணத்திலும் சிறு மாற்றம் உண்டு, விவரம் அடுத்த விலைப்புள்ளியில் வரும்.

நள்ளிரவில் சர்வரைத் திறந்துவிட்டுக் கூடவே விழித்திருந்தவர்கள் நீங்கள். பத்தாயிரம் பதிவுகள் மட்டும் உள்ள மாதிரித் தரவில் எதுவும் தெரியாது என்று நாங்கள் சொன்னபோது, முழு அளவு டேட்டாவை அடையாளம் நீக்கி, சிரமம் பாராமல் தயாரித்துக் கொடுத்தீர்கள். அந்த நம்பிக்கையால்தான் நாங்கள் இந்தத் தொழிலில் நிற்கிறோம். மனமார்ந்த நன்றி.

கடந்த ஓராண்டில் எங்களிடம் அறிக்கை வாங்கியவர்கள் அதைத் திருப்பி அனுப்புங்கள். பின்பக்கங்களில் புதைந்த காரணங்களை முன்னே கொண்டுவந்து, கட்டணமின்றித் திருத்தித் தருகிறோம். அதுவரை தயவுசெய்து யாரும் பூல் அளவை மட்டும் மாற்ற வேண்டாம்.

அன்புடன்,
உரிமையாளரும் சோதனைக் குழுவினரும்