உப்புத் தண்ணீருக்கு மூன்றாம் பரிசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 31 வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். போன வாரம் ஒரு பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, வேறென்ன, ‘காவிரி எங்கள் உரிமை’. பேசிய 11 பிள்ளைகளில் 9 பேர் கரிகாலனில் தொடங்கினார்கள். எல்லோரும் 2018 பிப்ரவரி 16 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் போய் நின்றார்கள். கர்நாடகம் நமக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 ஆகிவிட்டதே என்று மேசையைத் தட்டினார்கள். நல்ல கைதட்டல்.

ஏன் குறைந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரு குடிநீருக்குப் போனது. மீதி 10-க்கு நீதிமன்றம் காட்டிய காரணம் வேறு: தமிழ்நாட்டு டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10-ஐக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் அந்த நீரைப் பங்கீட்டில் சேர்க்காமல் விட்டிருந்தது. ஆக, வாதம் மோத வேண்டிய இடம் அதுதான். அந்த நீர் எந்த ஊரில், எத்தனை அடியில் கிடக்கிறது? பயிருக்கு ஆகுமா? ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் அது எங்கிருந்து ஊறும்? இதையெல்லாம் தொடாத பேச்சுக்கு நம் ஊரில் கை தட்டுவார்கள். கர்நாடகத்து மாண்டியா விவசாயி ஒருவர் கேட்டால் கொட்டாவி விடுவார்.

தொட்டது ஒரே ஒரு பெண். முத்துப்பேட்டைப் பக்கம். மனப்பாடம் செய்தது பாதியில் மறந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்புறம் சொந்தமாக, “எங்க ஊர்ல போர் போட்டா உப்புத் தண்ணிதான் வரும். எங்கம்மா குழாய்ல தண்ணி வர்ற நேரம் பாத்துதான் எந்திரிப்பாங்க” என்றாள். உடனே பாடம் ஞாபகம் வந்து கரிகாலனுக்கே திரும்பிப் போய்விட்டாள். தீர்ப்பு சொன்ன காரணத்துக்கு அன்று மேடையில் கிடைத்த பதில் அந்த இரண்டு வாக்கியம்தான். அது அவளுக்கே தெரியாது. மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, மேற்கோள், குரல் ஏற்ற இறக்கம், உடல்மொழி, நேரம் என்று ஐந்து கட்டம். திணறியதற்குக் கழித்து, மூன்றாம் பரிசு. கழித்தவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. நன்னூலில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம்; மதம் என்றால் இங்கே கொள்கை. அதில் ஒன்று ‘பிறர்தம் மதம்மேற் கொண்டு களைவே’. எதிராளி சொல்வதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் அதைக் களைவது. ஏழையும் வரிசை மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! ஒரு நாளாவது ஒரு பிள்ளையை எழுப்பி, சரி, இப்போது நீ கர்நாடகத்துக்காகப் பேசு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தீர்ப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டி வந்திருக்கும், அவர்களுக்கும் எனக்கும்.

உங்கள் மேலும் ஒரு குறை உண்டு. ‘மேட்டூரில் 12,000 கன அடி திறப்பு’ என்று தலைப்புப் போடுகிறீர்கள். ‘விநாடிக்கு’ என்ற சொல் விழுந்துவிடுகிறது. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. இந்த இரண்டு கணக்கையும் செய்திக்குக் கீழே சின்னதாகப் போட்டால் என்ன? தீர்ப்புச் செய்தி என்றால் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் காரணத்தையும் போடுங்கள். பிள்ளைகள் பேச்சுக்குக் குறிப்பெடுப்பது உங்கள் பத்திரிகையிலிருந்துதான்.

அடுத்த மாதம் வட்ட அளவில் போட்டி. அதற்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்பை எடுத்துச் சொல்லி மறுப்பதற்கு ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று கேட்டேன். தாள் மேலேயிருந்து வருகிறது டீச்சர், மாற்ற முடியாது என்றார்கள். ஒரு பென்சில் கொண்டுபோவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
நீடாமங்கலம்.