நின்றே வேலை செய்யும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணி,

சாயங்காலமானால் செருப்பு இறுக்குகிறது, கெண்டைக்கால் கனக்கிறது, நீலமாய் நரம்பு தெரிகிறது என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நின்ற அசதி என்று விட்டுவிடாதே கண்ணு. இங்கே சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனுக்குப் போகிற நிறையப் பேருக்கு இந்த வெரிகோஸ் தொந்தரவு உண்டு. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. நரம்பு புடைத்து, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, கடைசியில் ஆறாத புண்ணில் கொண்டுபோய் விட்டது.

காலுக்கு இறங்கிய ரத்தத்தைக் கெண்டைச்சதைதான் அமுக்கி மேலே ஏற்றுகிறது. அது திரும்ப இறங்காதபடி, நரம்பு என்று நாம் சொல்கிற அந்த ரத்தக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நின்றால் சதைக்கு வேலையில்லை, ரத்தம் தேங்கிக் குழாய் விரிந்துவிடும். அப்புறம் வால்வு சரியாக மூடாது. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு பழுதானால் ஏறிய தண்ணீரெல்லாம் இறங்கிவிடுமே, அப்படித்தான்.

அதனால் கடையில் புடவை எடுத்துப் போடும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. ரூமுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு. இறுக்கமான சாக்ஸை டாக்டர் பார்த்து அளவு சொன்ன பிறகே வாங்கு. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும், ராத்திரி கழற்றிவிடலாம்.

டாக்டர் லேசர் சிகிச்சை என்று சொன்னால் பயப்படாதே. அப்பாவுக்கு ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு, கெட்ட நரம்பை லேசர் சூட்டால் அடைத்தார்கள். அன்றைக்கே நடந்துதான் வீட்டுக்கு வந்தார். அடைத்தாலும் ரத்தம் ஆழத்தில் இருக்கும் குழாய்கள் வழியாகப் போய்விடும். புண்ணும் மெல்ல ஆறியது.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு நீவாதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடு.

கடையில் உட்கார இடமில்லை என்றாயே, அது அவர்கள் மனசு வைத்துத் தருகிற சலுகை இல்லை. வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாயிற்று. உன்னோடு நிற்கிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கேள். தனியாகக் கேட்காதே.

பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், இந்த வார லீவிலேயே டாக்டரிடம் காட்டிவிட்டு ரிப்போர்ட்டை அப்பா போனுக்கு அனுப்பு. பணம் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் சொல்லு சாமி.

அன்புடன்,
அம்மா