ரியூசன் வாசலில் தொடங்க வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வளரிளம் பருவத்தினரின் உடற்பருமனுக்கு எதிராகக் கருத்தரங்கும் நடைபவனியும் வைத்தால் படம் நன்றாக வரும், எடை குறையாது. திருகோணமலையில் பிள்ளைகள் பின்னேரத்தைக் கழிப்பது ரியூசனில். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம் என்பதற்குச் சுற்றறிக்கை இருக்கிறது. ரியூசன் வாசல் கடைக்கு இல்லை. அங்கே ரோல்ஸும் சோடாவும்தான்.

சோடாப் போத்தலின் நிற அடையாளத்தை நம்பி ஏமாறுவோர் பலர். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் சிவப்பு. 10 கிராம் உள்ள பானத்துக்குச் செம்மஞ்சள் நிறம் கிடைத்துவிடும். ஆனால் 400 மில்லிலீற்றர் போத்தலை முடித்தால் உள்ளே போவது 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி சீனி.

கடையைத் தடுத்தால் அது அடுத்த ஒழுங்கைக்கு இடம்மாறும், அவ்வளவுதான். கடலை, கௌபி, பயறு விற்கச் செய்வதே வழி. காலையில் அவித்தது நம் வெயிலுக்கு மாலைக்குள் நொந்துவிடும். இரண்டு மணிக்குப் பின் அவித்துச் சிறிது சிறிதாகக் கொண்டுவர வேண்டும். தொடக்கத்தில் மிஞ்சுவதன் நட்டத்தை மாதர் சங்கம் பகிர்ந்தால் கடைக்காரர் மறுக்கமாட்டார்.

அடுத்தது அளவெடுப்பு. உடற்திணிவுச் சுட்டெண் என்பது கிலோ எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது; அதில் பெரியவர்களின் எல்லையைப் பிள்ளைகளுக்குப் பொருத்துவது தவறு. 13 வயது நிறைந்த பையன், 150 சென்ரிமீற்றர், 55 கிலோ: சுட்டெண் 24.4. பெரியவருக்கான 25 என்ற கோட்டில் அவன் தப்பிவிடுவான். உலக சுகாதார நிறுவனத்தின் வயதுவாரி அட்டவணையிலோ அவன் மிகை எடை. உயரத்தை 2 சென்ரிமீற்றர் குறைத்து அளந்தால் 25.1 ஆகி, பருமன் வகுப்புக்கே போய்விடுவான். சப்பாத்தைக் கழற்றி, குதிக்கால் சுவரில் முட்ட நிறுத்துங்கள். கொண்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். எடையை வகுப்பின் முன்னால் உரத்து வாசித்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வராது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கென்று தேய்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்; இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம்.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. பெரும்பாலானோருக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடச் சுட்டெண் இறங்கும்.

அமெரிக்காவில் 2017–2020 காலக் கணக்கெடுப்பின்படி 2 முதல் 19 வயது வரையானோரில் 19.7 சதவீதமும், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளில் 26.2 சதவீதமும் பருமனுடையோர். அந்தச் சமூகத்தில் ‘புரொமொத்தோரா’ எனும் சுகாதாரத் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், அதே குடியிருப்பிலிருந்தே தெரிவாகித் தம் மொழியிலேயே குடும்பங்களோடு பேசுகிறார்கள். நம்மிடம் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் இருக்கின்றன. கைக்குழந்தையோடு அவற்றின் வேலை முடிந்துவிடத் தேவையில்லை.

நாளுக்கு 60 நிமிட உடலசைவு வேண்டும். கச்சான் எனும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் மூன்று மணிக்கு மைதானம் சரிவராது. ஐந்துக்குப் பின்பே முடியும். அந்த நேரத்தில் ரியூசன் வகுப்பு வைக்காமலிருக்க நிலைய உரிமையாளர்கள் இணங்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் இல்லாவிட்டால் மைதானத்தில் பையன்கள் மட்டுமே நிற்பார்கள்.

இப்படிக்கு,
சமூக சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
திருகோணமலை.