தைரியம் போலத் தெரியும் பயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோல்வி பயம் இருந்தால் தொழில்முனைவோர் துணிய மாட்டார்கள் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, லாபம் கண்ணில் தெரியும்போது பத்திரமான வழியைத் தேடும் அதே மனிதர், நட்டம் உறுதி என்றானதும் அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் சூதாட்டத்தில் இறங்கிவிடுகிறார். ஓடாத தொழிலை மூடாமல் மேலும் கடன் வாங்கிப் போடுவதும், கணக்கைப் பார்க்காமலே தள்ளிப்போடுவதும் இந்தப் பயத்தால்தான் (வெளியிலிருந்து பார்ப்பவர்கள் என்ன தைரியம் என்பார்கள்!).

சரி, எவ்வளவு போனால் நிறுத்துவது என்பதைத் தலை தெளிவாக இருக்கும்போதே, அதாவது தொடங்கும் முன்பே, எழுதி வைத்துவிடலாமே. உங்கள் பத்திரிகையிலும் வென்றவர்களின் பேட்டி போதும், நேரம் பார்த்து மூடியவர்களையும் கொஞ்சம் பேச வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்